கப்பலேறி வந்தவரின் ஊர் எது?

எங்கள் ஏறாவூருக்கு அண்மையில் உள்ளது தன்னாமுனை. அங்கு வாழும் பறங்கியரான ஓடாவி அங்கிள்தான் எங்கள் வீட்டுக் கதவு யன்னல்களைச் செய்தவர். ஒருநாள் அவரிடம், "உங்கட மூதாதையர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"ஐரோப்பா எண்டு சொல்லுவாங்க மகள். எந்தக் கிராமமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

அதைக் கண்டறிய வழியுண்டா என்று தேடத் தொடங்கினேன்.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இவ்விரு காலத்திலும் சிப்பாய்களாகவும் மாலுமிகளாகவும் வந்தவர்களில் பலர் ஏழைக் கிராமத்தவர்கள். இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்டவர்களின் சந்ததியினரே பறங்கியர்.

வம்சத்தைத் தேடுபவர் இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. வந்தவர் ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியரென்றால் கப்பல் சம்பளப் பேரேடு உதவும். அவரது பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல், பணி முடிந்த இடம் யாவும் அதில் இருக்கும். 18ஆம் நூற்றாண்டுப் பேரேடுகள் பல நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ளன. ஊர் தெரிந்தால் அவ்வூர்த் தேவாலயப் பதிவேட்டில் பெற்றோரைத் தேடலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1563இல்தான் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய சாதாரண கிராமத்தவரைப் பற்றிய எழுத்துச் சான்று அரிது.

தடைகளும் உண்டு. ஒல்லாந்தரில் பலர் தந்தை பெயரையே பின்பெயராக வைத்தனர். பீற்றரின் மகன் யான், 'பீற்றர்சோன்'. யானின் மகனோ 'யான்சோன்'. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும். போர்த்துக்கேயரின் கடல்வணிக ஆவணங்கள் பல 1755 லிஸ்பன் பூகம்பத்தில் அழிந்தன.

இன்னொன்றும் புரிந்தது. சம்பளம் வாங்கிய ஆணின் பெயர் பேரேட்டில் உண்டு. அவரை மணந்த வாவிக்கரைப் பெண்ணுக்குப் பேரேடு இல்லை. எங்கள் பகுதியிலோ குடி தாய்வழியே வருவது. பெண்களின் பெயர்களைப் பெண்களே நினைவில் காத்தார்கள்.

அன்றிரவே உம்மம்மாவிடம் கேட்டு எழுதினேன். நான்கு தலைமுறைப் பெண்களின் பெயர்களைச் சொன்னா. ஐந்தாவது பெயர் அவவின் ராத்தாவுக்குத்தான் தெரியுமாம். அவ சென்ற வருடம் வபாத்தாகிவிட்டா.

தோழிகளே, உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இன்றே கேளுங்கள். பெற்றோரே, கேட்கும் பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள்.