எந்தக் குழாயைத் திருகுவது?



தொட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு குழாய் நீரை நிரப்பும், இன்னொன்று வெளியேற்றும். நீர்மட்டம் குறைந்துகொண்டே போனால் எந்தக் குழாயை முதலில் கவனிப்பீர்கள்? ஒரு விளையாட்டுக்கே இந்தக் கேள்வி எழுந்தது!

அமெரிக்காவில் ‘டென்பின் பௌலிங்’ என்றொரு விளையாட்டு உண்டு. நமக்குத் தெரிந்த கிரிக்கெட் பந்துவீச்சு அன்று இது. வழவழப்பான தளத்தில் கனத்த பந்தை உருட்டி, சுமார் 18 மீட்டருக்கு அப்பால் முக்கோண வடிவில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். இதற்கென 1895-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஒரு சங்கம் தோன்றியது. மக்கள் குழுக்களாகச் சேர்ந்து வாரந்தோறும் ஆடினர். 1970-களின் இறுதியில் ஆண்கள், பெண்கள் சங்கங்களில் ஏறத்தாழ 90 இலட்சம் உறுப்பினர் இருந்தனர். அச்சங்கங்கள் இணைந்து 2005-இல் ஒரே அமைப்பாயின. இன்று அதில் பழைய எண்ணிக்கையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆட்டம் சலித்துவிட்டதா? இல்லை. அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் ஒரு வியப்பான உண்மையைச் சுட்டிக்காட்டினார். 1980-க்கும் 1993-க்கும் இடையே இதை ஆடுவோர் தொகை 10 சதவீதம் கூடியது. குழுப் போட்டிகளில் ஆடுவதோ 40 சதவீதம் குறைந்தது! ஆக, ஆட்டம் தேயவில்லை; கூடி ஆடும் வழக்கம்தான் தேய்ந்தது. முப்பது வாரங்களுக்கு மேலும் நீளும் போட்டிக்கு, வாரம் தவறாமல் ஒரே மாலையில் வருவது எல்லாருக்கும் இயலுமா?

இப்போது ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் 1000 பேர். ஆண்டுதோறும் ஐவரில் ஒருவர் விலகுகிறார். 120 பேர் புதிதாகச் சேர்கின்றனர். முதல் ஆண்டு முடிவில் 1000 - 200 + 120 = 920. அடுத்த ஆண்டு 856. இப்படியே இறங்கி 600-ஐ நெருங்கி நின்றுவிடும். ஏன்? 600-இல் ஐந்தில் ஒரு பங்கு 120. வரவும் செலவும் சமம்!

இனி, பதின்மரில் ஒருவர் மட்டுமே விலகுவதாகக் கொள்வோம். புதிதாகச் சேர்வோர் அதே 120 பேர்தான். மட்டம் 1200 வரை உயரும்! விலகல் பாதியானால் மட்டம் இருமடங்காகிறது.

வெளியேறும் குழாயை எப்படித் திருகுவது? சில வாரங்களில் முடியும் குறும்போட்டிகள் ஒரு வழி. தோற்றுக்கொண்டே இருப்பவர் சோர்ந்து விலகாதிருக்கச் சலுகைப் புள்ளி இன்னொரு வழி. பல குழுப் போட்டிகளில் ஒரு விதி உண்டு: 200-இலிருந்து ஆட்டக்காரரின் சராசரியைக் கழித்து, மீதியில் 90 சதவீதத்தை அவருக்குக் கூடுதலாகத் தருவார்கள். சராசரி 120 உள்ளவருக்கு 72 கிடைக்கும், மொத்தம் 192. சராசரி 180 உள்ளவருக்கு 18, மொத்தம் 198. தேர்ந்தவரே முன்னிலையில் இருக்கிறார். ஆனால் புதியவரும் ஒருநாள் வெல்லலாம்.

நிரப்பும் குழாயையும் மறக்கவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிகளுக்கிடையே இப்போட்டிகள் நடக்கின்றன. சிறுவர்களுக்கு எடை குறைந்த பந்தும், பந்து ஓரப்பள்ளத்தில் விழாதிருக்கத் தடுப்பும் தருகிறார்கள். எனினும் பழைய மட்டம் இன்னும் திரும்பவில்லை.

உங்கள் பள்ளி விளையாட்டுக் குழுவிலோ அறிவியல் மன்றத்திலோ இக்கணக்கைப் போட்டுப் பாருங்களேன்! சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தனர்? எத்தனை பேர் விலகினர்? விலகியவர்களிடமே காரணத்தையும் கேளுங்கள். எந்தக் குழாயைத் திருக வேண்டும் என்பது அப்போது புலப்படும்.