லோசான் ஒப்பந்தத்துக்கு நூறாண்டுக் கெடு உண்டா?

2023ஆம் ஆண்டு நெருங்கிய நாட்களில், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி நம்மிடம் இதைக் கேட்பார்: “ஹஜ்ரத், லோசான் ஒப்பந்தம் நூறு வருஷத்துக்குத்தானாமே? அது முடிஞ்சா துருக்கி பழைய எல்லைகளைத் திரும்ப எடுத்துக்குமாமே, உண்மையா?” அந்த ஆண்டு வந்தது, போனது. எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி ஓயவில்லை. எனவே உண்மையில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பக்கம் நின்ற உதுமானியப் பேரரசு தோற்றது. 1918 அக்டோபர் 30 அன்று முத்ரோஸ் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஆனால் பங்கு பிரிக்கும் பேச்சு அதற்கு முன்பே முடிந்திருந்தது. 1916இல் பிரிட்டனும் பிரான்ஸும் சைக்ஸ்-பிகோ என்ற இரகசிய உடன்பாட்டில் அரபு நிலங்களைத் தமக்குள் பிரித்துக்கொண்டன. அதே காலத்தில் மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு, அரபு சுதந்திரத்தை ஆதரிப்பதாகப் பிரிட்டன் கடிதம் எழுதியது. 1917 நவம்பரில் பால்ஃபர் பிரகடனம் ஃபலஸ்தீனில் யூதர்களுக்குத் தேசியத் தாயகம் அமைய ஆதரவளித்தது. ஒன்றோடொன்று முரண்பட்ட இந்த வாக்குறுதிகளுக்குப் பின், 1920 ஏப்ரலில் சான் ரெமோ மாநாட்டில் சிரியாவும் லெபனானும் பிரான்ஸின் பொறுப்பிலும், இராக்கும் ஃபலஸ்தீனும் பிரிட்டனின் பொறுப்பிலும் விடப்பட்டன.

1920 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸுக்கு அருகே செவ்ர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அரபு நிலங்களோடு அது நிற்கவில்லை. இஸ்மிர் நகரின் நிர்வாகமும் கிழக்குத் திரேஸும் கிரீஸுக்கு, கிழக்கே ஆர்மீனிய நாடு, குர்துகளுக்குத் தன்னாட்சி, நீரிணைகள் பன்னாட்டு ஆணையத்திடம். துருக்கியருக்கு எஞ்சியது அனதோலியாவின் ஒரு பகுதிதான். கலீஃபாவின் அரசுக்கு நேர இருந்த இந்தக் கதிதான் நம் நாட்டில் கிலாஃபத் இயக்கத்தைக் கிளப்பியது. மௌலானா முஹம்மது அலி தலைமையில் ஒரு தூதுக்குழு 1920இல் லண்டன் சென்று முறையிட்டது. பலனில்லை.

அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. சுல்தானின் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். அங்காராவில் கூடிய தேசியப் பேரவையோ அதை ஏற்க மறுத்துப் போரைத் தொடர்ந்தது. 1922இல் கிரேக்கப் படை அனதோலியாவை விட்டு வெளியேறியது. களத்தில் நிலை மாறியதால் ஒப்பந்தத்தையும் புதிதாகப் பேச வேண்டியதாயிற்று.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பல மாதங்கள் பேச்சு நடந்தது. துருக்கியின் சார்பில் இஸ்மத் பாஷா அமர்ந்தார். 1923 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. இஸ்மிரும் கிழக்குத் திரேஸும் துருக்கிக்கு உறுதியாயின. வெளிநாட்டினருக்கு இருந்த சட்டச் சலுகைகள் ஒழிந்தன. பதிலுக்கு எகிப்து, சூடான், சைப்ரஸ் ஆகியவற்றின் மீதிருந்த உரிமையையும், அரபு நிலங்களையும் துருக்கி கைவிட்டது. மோசூல் பிரச்சினை அப்போது தீரவில்லை. 1926 உடன்பாட்டில் அது இராக்கோடு போயிற்று. ஆர்மீனிய நாடு, குர்து தன்னாட்சி என்ற பேச்சே புதிய ஒப்பந்தத்தில் இல்லை.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரணக் குடும்பங்கள். 1923 ஜனவரியில் கிரீஸும் துருக்கியும் செய்த உடன்பாட்டின்படி சுமார் 12 இலட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவர்களாக ஆனார்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் போரின்போதே ஊரைவிட்டு ஓடியவர்கள். அவர்கள் திரும்பும் வழி அடைபட்டது. யார் எங்கே என்பதை மதம் தீர்மானித்தது, மொழி அல்ல. கிரேக்க மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியில் இறங்கினார்கள். துருக்கி மொழி பேசிய கிறிஸ்தவர்கள் கிரீஸில் அந்நியரானார்கள்.

இனி அந்த வதந்திக்கு வருவோம். லோசான் ஒப்பந்தத்தில் 143 பிரிவுகள் உள்ளன. எதிலும் நூறாண்டுக் கெடு இல்லை. துருக்கி எண்ணெய் எடுக்கக் கூடாது என்ற தடையும் இல்லை. பத்மான் பகுதியில் பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுக்கிறார்கள். நீரிணைகள் பற்றிய ஏற்பாட்டை 1936லேயே மொன்ட்ரே உடன்படிக்கை மாற்றிவிட்டது. கிலாஃபத்தை ஒழித்ததும் லோசான் அல்ல. 1924 மார்ச் 3 அன்று அங்காராவின் பேரவையே அதை ஒழித்தது. இது நமக்குக் கசப்பான செய்திதான். அதற்காக மாற்றிச் சொல்ல முடியாது.

வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் பரப்பக் கூடாது என்பது நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுக்கும் ஒழுங்கு. ஒரு தேதியைக் காட்டி, அன்று எல்லாம் தானாக மாறிவிடும் என்று சொல்வது ஏமாற்றத்தைத்தான் தரும். ஃபலஸ்தீனின் இன்றைய துயரத்துக்கு வேர் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், 1916 முதல் 1923 வரையிலான இந்த ஏழு ஆண்டுகளை வரைபடத்தோடு அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.