சுவரோரத்து வழுக்கல்

கருவி பொய் சொல்லாது என்று நம்மிற் பலர் நம்புகிறோம். களிமண் குழம்பு, சாயம், பற்பசை, ஜெல் முதலியவற்றின் பாகுநிலையை அளக்கப் புகுவோர் அந்த நம்பிக்கையைச் சற்றே ஒதுக்கி வைத்தல் நலம்.

கெட்டித் தயிர் உள்ள பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். தயிர் உடையாமல் கட்டியாகவே நழுவி வரும். ஓரத்தில் கசிந்த நீர்தான் அதற்கு வழி விடுகிறது. தயிர் ஓடிற்று என்று கூறலாமா? வழுக்கிற்று என்பதே பொருந்தும். அளவைக் கருவிக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. குழம்பில் மிதக்கும் துகளின் மையம், அதன் ஆரத்தைக் காட்டிலும் சுவரை நெருங்க இயலாது. ஆகவே சுவரோரத்தில் துகள் குறைந்து, திரவம் மிகுந்த மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது.

இதன் விளைவு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள வழவழப்பான இரு தகடுகளுக்கிடையே ஒரு களியை வைத்து மேல்தகட்டை இழுக்கிறோம். தகைவு 50 பாஸ்கலுக்குக் குறைந்தால் அக்களி ஓடாது என்று கொள்வோம். நாம் தருவது 10 பாஸ்கல்தான். ஆனால் இரு தகடுகளின் ஓரத்திலும் 1 மைக்ரான் தடிப்புள்ள நீர்ப்படலம் இருக்கிறது. நீரின் பாகுநிலை 0.001 பாஸ்கல்-வினாடி. எனவே ஒவ்வொரு படலமும் வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வழுக்கும். மேல்தகடு வினாடிக்கு 2 சென்டிமீட்டர் நகரும். கருவியோ, திசைவேகச் சரிவு வினாடிக்கு 20 என்றும், பாகுநிலை 0.5 பாஸ்கல்-வினாடி என்றும் கூசாமல் காட்டும். களியின் உட்பகுதி சிறிதும் ஓடவில்லை! இந்த எண்ணை நம்பிப் பம்பு வாங்கும் பொறியாளரின் கதி என்ன? சொரசொரப்பான குழாயில் அக்களி ஒருமுறை நின்றுவிட்டால், அதை மீண்டும் தள்ள அந்தப் பம்பின் வலிமை போதாமற் போகலாம்.

இக்குழப்பத்தைத் தீர்க்க மெல்வின் மூனி என்ற அமெரிக்க அறிஞர் 1931-இல் ஒரு வழி காட்டினார். சுவரில் உள்ள தகைவு மாறாதிருக்கையில், வழுக்கலால் குழாயில் செல்லும் அளவு ஆரத்தின் இருபடியைப் பொறுத்தது. உண்மை ஓட்டத்தால் செல்லும் அளவு முப்படியைப் பொறுத்தது. ஆகையால் குழாய் குறுகக் குறுக வழுக்கலின் பங்கு ஓங்கும். பல ஆரமுள்ள குழாய்களில் அளந்து ஒப்பிட்டால் இரண்டையும் தனித்தனியே பிரித்துவிடலாம்.

சுவர் எப்போதும் பகையன்று. அதே 1931-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்களாகிய ஃபாரேயஸும் லிண்ட்குவிஸ்டும் குருதியை ஆராய்ந்தனர். சுமார் 0.3 மில்லிமீட்டரினும் குறுகிய குழாய்களில் அதன் பாகுநிலை குறைந்து தோன்றுவதைக் கண்டனர். சிவப்பணுக்கள் நடுவே செல்ல, ஓரத்தில் பிளாஸ்மா நின்று வழி இலகுவாக்குகிறது. கான்கிரீட்டைப் பம்பு மூலம் மேல்மாடிக்கு ஏற்றுவதும் இத்தகைய ஓரப் படலத்தின் உதவியால்தான்.

வழுக்கலைத் தடுக்க, துகளினும் பெரிய மேடுபள்ளமுள்ள சொரசொரப்பான தகடுகளைப் பயன்படுத்துவர். நம் வீட்டு மத்தைப் போன்ற சிறகுகள் கொண்ட தண்டைச் சுழற்றுவதும் உண்டு. சிறகுகளுக்கிடையே சிக்கிய களி தானும் சேர்ந்து சுழல்வதால், களி களியோடேயே உராய்கிறது. வழவழப்பான சுவருக்கு அங்கே வேலையில்லை.

ஆய்வுக்கூடத்தில் இத்தகைய பொருளை அளக்கும் நண்பர்கள், தகடுகளின் இடைவெளியை மாற்றி இன்னொரு முறை அளந்து பார்ப்பது நன்று. ஒரே தகைவில் இரு விடைகளும் வேறுபட்டால், ஆய்வேட்டில் எழுதுமுன் சுவரை ஐயுறுங்கள்.