கிறிஸ்துமஸ் கள்ளி பூக்கவில்லையா? விளக்கை அணைத்துப் பாருங்கள்

பெங்களூரு: பெங்களூரு வீடுகளில் தொட்டிச் செடியாக வளரும் கிறிஸ்துமஸ் கள்ளி, செழிப்பாக இருந்தும் சில நேரங்களில் மொட்டு விடுவதில்லை. இதற்கு இரவு விளக்கும் ஒரு காரணம்.

தென்கிழக்கு பிரேசிலின் மலைக்காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் இச்செடி, பாலைவனக் கள்ளியைப் போன்றதன்று. மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கடும் வெயிலும் ஆகாது.

மொட்டு அரும்ப, சுமார் 6 வாரங்களுக்கு நாள்தோறும் 12 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத இருட்டும் குளிர்ந்த இரவும் தேவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இவை இயல்பாகவே கிடைக்கின்றன. வெப்பம் தணியாத சென்னை இரவுகளில் இது அவ்வளவு எளிதன்று.

ஆனால், வரவேற்பறை விளக்கு அந்த இருட்டைக் கலைத்துவிடுகிறது. மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை செடியை அட்டைப்பெட்டியால் மூடி வைக்கலாம். மொட்டு வந்த பின் தொட்டியை இடம் மாற்றினால் மொட்டுகள் உதிரக்கூடும்.