உங்களுக்குத் தெரியுமா? பெட்ராவின் முதல் இசைத்தட்டு

கிறிஸ்தவ ராக் இசைக்குப் பாதை வெட்டிய குழுக்களுள் ஒன்று அமெரிக்காவின் 'பெட்ரா'. 1972இல் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில், கிற்றார் கலைஞர் பொப் ஹார்ட்மனும் நண்பர் மூவரும் தொடங்கியது. குழுவின் பெயரையே தாங்கிய முதல் இசைத்தட்டை 1974இல் மிர் நிறுவனம் வெளியிட்டது. மின்கிற்றாரும் றம்சும் ஆராதனைக்கு ஆகாது என்று பல சபைகள் கதவடைத்த காலம் அது. அந்தத் தட்டு அவர்களுக்குப் பெரும்பெயர் தரவில்லை. 1981இல் வந்த 'நெவர் சே டை'தான் தூக்கிவிட்டது. பின்னாளில் நான்கு கிராமி விருதுகள்! கைவிடாமல் பாடியதற்குக் கிடைத்த நியாயமான பலன் என்றே சொல்வேன்.

கோயிலுக்குப் புதிதாக வருவது முதலில் அந்நியமாகவே தோன்றலாம். ஆனால் நம் வடபுலத்துக் கத்தோலிக்கக் கிராமங்களில் தவக்காலத்தில் நெஞ்சுருகப் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும் ஒருகாலத்தில் புதிதாக வந்ததுதான். 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழ் கற்று எழுதிய நூல் அது. இன்று அதில்லாமல் பெரிய வெள்ளி ஏது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உங்கள் கோயிலுக்கு இளையவர்கள் கிற்றாரோடு வந்தால், ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள்.