பத்தாண்டு பூட்டிவைத்த கடிதங்கள்

உலகப் பிரசித்தி பெற்ற ஒரு நடிகை தம் சிநேகிதிக்கு அந்தரங்கமாக எழுதிய கடிதம் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, பெற்றவருக்கா, அல்லது அந்த நடிகையின் முகத்தை வெள்ளித்திரையில் கண்டு பரவசப்பட்ட ரசிக மகாஜனங்களுக்கா? கிரேட்டா கார்போ அம்மையார் மெர்சிடீஸ் டி அகோஸ்டாவுக்கு எழுதிய கடிதங்களின் சரித்திரம் இக்கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது.

1905-ல் ஸ்டாக்ஹோம் நகரின் எளிய குடும்பமொன்றில் பிறந்து, ஹாலிவுட்டை அடைந்து, மௌனப் படங்களில் பெற்ற கீர்த்தியைப் பேசும் படங்களிலும் குன்றாமல் காத்துக்கொண்ட கார்போ, 1941-ல், தமது 36-வது வயதில், திரையுலகத்தை விட்டு விலகியவர் மீண்டும் அங்கே திரும்பவில்லை. தமக்கு அளிக்கப்பட்ட கௌரவ ஆஸ்கார் விருதைப் பெற்றுக்கொள்ளக்கூட மேடைக்குச் செல்லாத அவர், 1990 ஏப்ரல் 15-ல் நியூயார்க்கில் காலமாகும் வரை, பத்திரிகைக்காரர்களின் கண்ணுக்கு எட்டாமலே வாழ முயன்றார். அவ்வளவு ஜாக்கிரதையாகத் தம்மை மறைத்துக்கொண்டவர் கைப்பட எழுதிய கடிதங்களில் ஜனங்களுக்கு அளவற்ற ஆவல் பிறந்தது இயல்பே.

அக்கடிதங்களைப் பெற்ற மெர்சிடீஸ், கவிதைகளும் நாடகங்களும் இயற்றிய அமெரிக்கப் பெண்மணி. 1931-ல் இருவருக்கும் அறிமுகம் உண்டாயிற்று. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் ரமண மகரிஷியைப் பற்றி எழுதிய நூலைப் படித்து மனம் உருகி, 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்து அம்மகரிஷியைத் தரிசித்தவர் இவர் என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 1960-ல் வெளியிட்ட தம் சுயசரிதையை அவர் மகரிஷிக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். ஆனால், அந்தரங்கம் காப்பதையே விரதமாகக் கொண்டிருந்த கார்போவுக்கு அந்நூல் பெரும் மனவருத்தத்தை உண்டாக்கிற்று. ஏற்கெனவே நலிந்திருந்த சிநேகம் அத்தோடு முறிந்தது.

நோயும் பணமுடையும் வாட்டிய முதுமையில், மெர்சிடீஸ் தம் காகிதங்களை பிலடெல்பியா நகரத்து ரோசன்பாக் நூலகத்தில் சேர்ப்பித்தார். கார்போவின் கடிதங்களை நெருப்பிலிட அவருக்கு மனம் துணியவில்லை. அற்பமான கண்களுக்கு அவற்றை இரையாக்கவும் விருப்பமில்லை. ஆகவே, இருவரும் மறைந்து பத்தாண்டுகள் கழியும் வரை அவற்றை யாரும் பிரிக்கலாகாது என்ற நிபந்தனையோடு ஒப்படைத்தார். மெர்சிடீஸ் 1968-ல் காலமானார். நூலகம் கார்போவின் மரணத்துக்குப் பின்னும் வாக்குத் தவறாமல் காத்திருந்து, 2000 ஏப்ரலில் அக்கட்டைத் திறந்தது.

உள்ளே இருந்தவை 55 கடிதங்களும், சில தந்திகளும் அட்டைகளும். இருவருக்கும் இடையே காதல் இருந்ததென்று பல காலமாக வழங்கிவந்த வதந்திக்கு அவற்றில் ருசு கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். ரகசியம் எதுவும் வெடித்துச் சிதறவில்லை. உடல் அசதி, மனச்சோர்வு, அன்றாடக் காரியங்கள் ஆகியவற்றைப் பற்றி ஒரு மனுஷி தன் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்ட வார்த்தைகளே இருந்தன.

சட்டமும் இவ்விஷயத்தில் நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்கிறது. கடிதம் எழுதப்பட்ட காகிதம் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அவர் அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், நூலகத்துக்குத் தானமும் செய்யலாம். அதிலுள்ள வாசகமோ எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்குமே உரியது. அவர்கள் சம்மதமின்றி அதை அச்சிடலாகாது. அமெரிக்கச் சட்டப்படி, எழுதியவர் இறந்து எழுபது ஆண்டுகள், அதாவது கார்போ விஷயத்தில் 2060-ஆம் ஆண்டின் முடிவு வரை, இவ்வுரிமை நீடிக்கும்.

ரசிகன் நடிகையிடமிருந்து விலை கொடுத்து வாங்குவது அவளுடைய நடிப்பை மட்டுமே. அவளுடைய மனத்தின் மீது அவனுக்கு எவ்வித பாத்தியதையும் கிடையாது. ஆயினும், கலைஞர்களின் கடிதங்களைக் கொளுத்திவிடுவதும் சரித்திரத்துக்குச் செய்யும் துரோகமே ஆகும். பிரபலமான ஒருவரின் கடிதங்களைப் பெட்டியில் வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைக் கரையானுக்கும் விடவேண்டாம், ஏலக்கடைக்கும் அனுப்பவேண்டாம். எழுதியவரின் குடும்பத்தாரைக் கலந்துகொண்டு, நம்பகமான நூலகமொன்றில், காலக்கெடு விதித்து ஒப்படைப்பார்களாக.