தோன்றி மறையும் பழுது

மோட்டார் வண்டியில் நிலைத்து நிற்கும் பழுதைக் கண்டறிதல் எளிது. இடையிடையே தோன்றி மறைவதே பொல்லாதது. வைத்தியர் வீட்டு வாயிலை மிதித்தவுடன் காய்ச்சல் தணிந்துவிடுமாயின் அவர்தாம் யாது செய்வர்? ஓர் ஐப்பசி மழையில் எமக்கு நேர்ந்ததும் இத்தகையதே. கும்பகோணத்தினின்றும் தஞ்சை நோக்கிச் செல்லுங்கால், தாராசுரம் கடந்ததும், எமது பழைய கார் திடீரெனத் திக்கித் தளர்ந்து, பின் தானே துள்ளி ஓடிற்று. பின்னே ஒரு பஸ் நெருங்கி வந்தமையால், கணம் சிறிதாயினும் அச்சம் சிறிதன்று. பட்டறையிலோ, ஒரு குற்றமும் அறியாததுபோல் நின்றது.

கருவியின் இயல்பை முதற்கண் கூறுவோம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் புகைவிதிகள் கடுமையானபின், கார்களில் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை வழக்காயிற்று. அளப்பது இ.சி.யு. என்னும் சிறு கணிப்பொறி. காற்று புகும் வழியிலுள்ள திராட்டில் என்னும் தகடு எவ்வளவு திறந்துளதென்பதை அதற்கு அறிவிப்பது 'திராட்டில் பொசிஷன் சென்ஸர்' ஆகும். பெயர் புதிது, பொருள் பழையது. 1841இல் ஜெர்மானியராகிய போகன்டார்ஃப் வகுத்ததும், நம் மாணவர் பௌதிக ஆய்வுக்கூடத்தில் நகர்த்தி நகர்த்திச் சலிப்பதுமாகிய பொட்டென்ஷியோமீட்டருக்கு இதனைத் தம்பியென்றே கொள்ளலாம்.

இதற்குக் கம்பிகள் மூன்று. ஒன்று ஐந்து வோல்ட் கொணர்வது; மற்றொன்று எர்த்; மூன்றாவது, தகட்டுடன் திரும்பும் தொடுமுனையின் மின்னழுத்தத்தை இ.சி.யு.வுக்குத் தெரிவிப்பது. தகடு மூடியிருக்கையில் ஏறத்தாழ அரை வோல்ட்டும், முற்றத் திறக்கையில் நாலரை வோல்ட்டும் காணும். இடையே ஏற்றம் சீராயிருத்தல் வேண்டும். ஓட்டுபவர் பெரும்பொழுதும் ஒரே அளவாக மிதித்துச் செல்வராதலின், தொடுமுனை உராயும் தடம் அவ்வளவுக்குரிய இடத்திலேயே முதலிற் தேயும். ஆண்டு பல சென்ற வண்டிகளில் இதுவே பெரும்பான்மையான நோய்.

பட்டறையார் கருவி கொண்டு நோக்க, 'பி 0123' என்னும் குறி கிடைத்தது. சென்ஸரின் பெயர் அக்குறியில் இருந்தமையால் சென்ஸரையே மாற்றினர்; யாமும் தடை சொல்லாது கிரயம் கொடுத்தோம். பதினெட்டாம் நாள், அடுத்த மழையில், பழுது மீண்டது.

அக்குறியின் பொருளை யாம் அப்போதுதான் ஆராய்ந்தோம். 0122 என்பது மின்னழுத்தம் மிகத் தாழ்ந்ததையும், 0123 மிக உயர்ந்ததையும், 0124 விட்டுவிட்டு வருதலையும் குறிக்கும். ஐந்து வோல்ட் கம்பி அறுந்தால் அளவு வீழும். எர்த் அறுந்தாலோ, இறங்க வழியின்றித் தடம் முழுதும் ஐந்து வோல்ட்டுக்கு உயரும், இ.சி.யு. திராட்டில் முற்றத் திறந்ததென மயங்கும். ஆகவே எமது குறி முதல்நாளே எர்த்தைச் சுட்டிற்று. அதனை எண்ணாதது எமது பிழையே.

பின்னர் முள் ஆடும் பழைய மல்டிமீட்டர் ஒன்றைத் தேடி எடுத்தோம். எண் காட்டும் மீட்டர் நொடிக்குச் சில முறையே அளவைக் காட்டுதலால், கணப்பொழுதுக் குறையை விழுங்கிவிடும். முள்ளோ நடுங்கிக் காட்டிக்கொடுக்கும். என்ஜினை ஓட்டாது சாவியை மட்டும் திருப்பி, கம்பியின் உறையைக் குத்தாமல் கப்ளரின் பின்புறமாக ஊசியைச் செலுத்தி, தகட்டை மெல்லத் திறந்தோம். முள் சீராக ஏறிற்று. ஆயினும் மனம் ஒப்பவில்லை. பழுது தானாக வரும்வரை காத்திராமல் அதனை வரவழைக்கக் கருதி, கம்பிக் கற்றையைக் கையால் அசைத்தோம். முள் ஐந்துக்குத் தாவிற்று!

இனி எர்த் முனைக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தோம். அங்கே பத்தில் ஒரு வோல்ட்டுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும். அசைத்தபோது நான்கைக் கடந்தது. கப்ளரைக் கழற்றினால், எர்த் முனையில் பச்சைக் களிம்பு; அதன் அருகே கம்பியுறையில் எலிப்பல்லின் அடையாளம். வயல்களில் வெள்ளம் நிறையுங்கால் வளையிழந்த எலிகள் வீடுகளை நாடுவதும், என்ஜினின் இளஞ்சூட்டை விரும்புவதும் காவிரி நாட்டார் அறிந்ததே. கடித்த வழியே நீர் புகுந்து முனையை அரித்துவிட்டது.

புதுமுனை இட்டு, ஈயம் பற்றவைத்து, உறை மூடினோம். அற்பச் செலவே. பின்வந்த கார்களில் தடம் இரட்டையாக அமைந்து ஒன்றையொன்று சரிபார்க்கும். காந்தத்தாலியங்கி உராய்வே இல்லாதனவும் உள. ஆனால் அவற்றுக்கும் கப்ளர் உண்டு, எலியும் உண்டு.

கழற்றிய பழைய சென்ஸரை மேசைமேல் வைத்துச் சோதித்தபோது முள் சிறிதும் நடுங்கவில்லை. அதனை எறிய மனமின்றி வைத்திருக்கிறோம்.